குடியாத்தத்தில் இருந்தபடியே சுயாதீன இயக்குநராக முடியுமா?

குடியாத்தத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரின் கேள்வி இது. லுங்கி நெய்யும் குடும்பத்தைப் பற்றி 95 பக்கத்தில் திரைக்கதை எழுதி முடித்துவிட்டார். கையில் 12 லட்சம் இருக்கிறது. கோடம்பாக்கம் போய் உதவி இயக்குநராகச் சேர்வதா, இங்கேயே ஆள் சேர்த்து எடுத்துவிடுவதா? எடுத்தால் இயக்குநராகவே பிழைக்க முடியுமா?

இங்கேயே எடுக்கலாம். ஆனால் காசை இப்போதே பிரித்து வைக்காவிட்டால், 12 லட்சத்தில் படப்பிடிப்பு முடியும், படம் முடியாது. கடைசி ரூபாய் வரை படப்பிடிப்பில் கரைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கைப் பீரோவில் வைத்துப் பூட்டியவர்கள் நிறையப் பேர். கேட்டால் ‘போஸ்ட் புரொடக்‌ஷன் போயிட்டிருக்கு’ என்பார்கள், மூன்று வருஷமாக.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். படப்பிடிப்புக்கு 6 லட்சம். ஒலி வேலைக்கும், படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் டிஐக்கும் 3 லட்சம். மிச்சம் 3 லட்சம் சப்டைட்டில், டிசிபி (திரையரங்கில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி), சென்சார், விழாக் கட்டணம், வக்கீல் செலவு. பின்னால் வரும் இந்த 6 லட்சத்தைத் தனி வங்கிக் கணக்கில், இன்னொருவர் கையெழுத்தும் இருந்தால்தான் எடுக்க முடியும் என்கிற மாதிரி போட்டுவிடுங்கள். 18ஆம் நாள் ராத்திரி ‘இன்னும் ரெண்டே நாள்’ என்று தோன்றும். தோன்றாத இயக்குநர் கிடையாது. ஆளுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் டீயும் 350 ரூபாய் என்று போட்டால், 20 பேருக்கு ஒரு நாள் 7,000. இருபது நாளைக்கு 1,40,000. படப்பிடிப்புக் காசில் கிட்டத்தட்ட கால்வாசி சாப்பாட்டுக்கே போய்விடும். அதனால் யூனிட் 20 பேரைத் தாண்டக் கூடாது. 95 பக்கத்தை 20 நாளில் முடிக்க தினம் 5 பக்கம் போயாக வேண்டும். ஒரே நாளில் இரண்டு இடம் மாறினால் அது நடக்காது. விளக்கு, கேபிள், சாப்பாட்டுப் பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குவதிலேயே மூன்று மணி நேரம் போய்விடும். வீடு, தறிக்கூடம், தெரு, டீக்கடை நான்கும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும்படி திரைக்கதையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் எடுப்பது என்பதில் உங்கள் தொழிலே உதவுகிறது. முகூர்த்தம் இல்லாத மாதங்கள் ஆடியும் மார்கழியும். அப்போது நீங்களும் சும்மா இருப்பீர்கள், வாடகைக் கேமராக்களும் சும்மா கிடக்கும், விலை பேசலாம். ஆடி வேண்டாம். தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் கூழ் ஊற்றுகிற மாதம், குழாய் ஸ்பீக்கர் பகல் முழுக்க ஓயாது. போதாததற்கு வட ஆர்க்காட்டில் ஆடி, ஆவணியில் சாயங்காலம் இடி மழை அடிக்கடி கொட்டும். மார்கழிதான் சரி. திருப்பாவை ஸ்பீக்கர் விடிவதற்குள் முடிந்துவிடும், வெயில் சாய்வாகவும் மென்மையாகவும் விழும், 29 நாள் கிடைக்கும். 20 நாள் படப்பிடிப்பும் மழை, காய்ச்சலுக்கான உபரி நாட்களும் அதற்குள் அடங்கும். ஒரே ஒரு வில்லங்கம்: ஊரில் பாதி ஆண்கள் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள். நடிக்கச் சம்மதித்தவர் பொங்கல் வரை தாடி எடுக்க மாட்டார் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கோடையை யோசிக்கவே வேண்டாம். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். சுற்றியிருக்கும் பாறை மலைகள் ராத்திரியிலும் சூட்டைத் துப்பிக்கொண்டிருக்கும். சின்ன மிரர்லெஸ் கேமரா 4கே பதிவில் வெயிலில் நின்றால் அரை மணியில் தானாக அணைந்துவிடலாம். அதற்கு மேல், வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு திருவிழா. அந்த வாரம் குடியாத்தத்தில் வேறு எந்த வேலையும் நடக்காது.

பாலாற்றையும் கவுண்டன்ய ஆற்றையும் கதையில் வைத்திருந்தால், ஆறு வரும் காட்சிகளை எல்லாம் ஒரே வாரத்தில் எடுத்து முடியுங்கள். வருஷக்கணக்கில் மணலாகக் கிடந்த பாலாறு 2021 நவம்பரில் கரை புரண்டது. பாதிக் காட்சியில் மணல், பாதிக் காட்சியில் வெள்ளம் என்றால் எடிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

இனி ஒலி. முதல் படம் எடுப்பவர்கள் கேமராவுக்குக் கொடுக்கும் காசில் பாதியைக்கூட ஒலிக்குக் கொடுப்பதில்லை. உங்கள் கதைக்கு அது தற்கொலை. இந்தப் பக்கத்துப் பேச்சில் தமிழோடு தெலுங்கும், ஆம்பூர் வாணியம்பாடி பக்கம் உருதுவும் கலந்து வரும். சென்னை டப்பிங் தியேட்டரில் வேறு ஆள் குரல் கொடுத்தால் குடியாத்தம் காணாமல் போய்விடும். அதனால் நேரடி ஒலிப்பதிவு, அதற்கென்றே ஒரு ஒலிப்பதிவாளர், நீளக் கம்பில் மைக்கைப் பிடிக்கும் ஒரு பூம் ஆள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சத்தத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம். உடையில் குத்தும் லேபல் மைக்கை மட்டும் நம்பாதீர்கள். பருத்திச் சேலையும் லுங்கியும் உரசும் சத்தம் வசனத்துக்கு மேல் ஏறும்.

தறிக்கூடக் காட்சியை எடுத்துக்கொள்வோம். விசைத்தறி ஓடும்போது வசனம் கேட்காது, கத்திப் பேசினால் நடிப்பு கெடும். இப்படிச் செய்யலாம். முதலில் தறி ஓட ஓட அகலமான ஷாட்டை வசனமில்லாமல் எடுங்கள். பிறகு தறியை நிறுத்திவிட்டு, தறி கேமராவின் சட்டகத்தில் வராத கோணத்தில் வசன ஷாட்கள். ஆனால் நடிகர்கள் தறி ஓடுகிற நினைப்பில் கொஞ்சம் குரல் உயர்த்தியே பேச வேண்டும். சாதாரணமாகப் பேசிவிட்டால் பின்னால் தறிச் சத்தம் சேர்க்கும்போது பொய் பல்லிளிக்கும். கடைசியில், எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, தறிச் சத்தத்தை மட்டும் தனியாக மூன்று தூரத்தில் பதியுங்கள்: ஓர் அடியில், கூடத்தின் வாசலில், அடுத்த வீட்டுத் திண்ணையில். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். குழித்தறி என்றால் நாடா போகும் சத்தமும் மிதிபலகைச் சத்தமும் தனித்தனியே வேண்டும்.

வீட்டுக்குள் எடுக்கும்போது பிரிட்ஜை அணைக்க வேண்டும். அணைத்தால் மறுபடி போட மறந்து வீட்டுக்காரரின் பால் கெடும்; அதனால் வண்டிச் சாவியைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது யூனிட்டில் பழைய வழக்கம், சாவி இல்லாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. ஒவ்வொரு இடத்திலும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பதியுங்கள். இதை விட்டால் எடிட்டில் வசனத்துக்கு வசனம் பின்னணி குதிக்கும். காட்பாடி ரயில் பாதைக்கும் பெங்களூர் நெடுஞ்சாலைக்கும் பக்கத்தில் வீடு பார்த்துவிட்டு அப்புறம் புலம்ப வேண்டாம். இடம் பார்க்கப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள்.

கேமரா பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். கல்யாணத்துக்கு 25 பிரேமில் எடுத்த பழக்கத்தை விட்டு 24க்கு மாறுங்கள், திரையரங்கு வடிவம் அதுதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 180 டிகிரியில் வைத்தால் டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் துடிக்கலாம், 172.8 டிகிரி அல்லது 1/50 வையுங்கள். ஒரு நாளைக்கு 2 மணி நேரப் பதிவு என்றால் மொத்தம் 40 மணி. விநாடிக்கு 200 மெகாபிட் கோப்பாக இருந்தால் மணிக்கு 90 ஜிபி, மொத்தம் 3.6 டிபி. அதிகம் சுருக்காத புரோரெஸ் 422 எச்கியூ வகைக் கோப்பில் 4கே எடுத்தால் மணிக்கு 318 ஜிபி, மொத்தம் 12.7 டிபி. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு பிரதி, இரண்டும் வெவ்வேறு வீட்டில். வெறுமனே இழுத்துப் போட்டு நகல் எடுக்காமல், நகல் மூலத்தோடு அப்படியே ஒத்துப்போகிறதா என்று செக்சம் சரிபார்க்கும் மென்பொருளில் எடுங்கள். சரிபார்க்கும் வரை கார்டை அழிக்கக் கூடாது என்பதை ஒரே ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

நடிகர்களுக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. இந்தப் பகுதி தெருக்கூத்துக் கலைஞர்களை விட உழைப்பாளிகள் கிடைக்க மாட்டார்கள். ஆனால் விடிய விடிய திறந்த வெளியில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடிப் பழகிய குரலும் கையும் அவர்களுடையவை. கேமராவுக்கு அதைக் குறைக்க ஒத்திகை வேண்டும், குறைந்தது பத்து நாள். செல்போனில் எடுத்து அவர்களுக்கே போட்டுக் காட்டினால் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். பங்குனி முதல் ஆடி வரை பாரதக் கூத்து உச்சத்தில் இருக்கும், ராத்திரி ஆடிவிட்டுக் காலையில் நடிக்க வரச் சொல்வது பாவம். இதற்கும் மார்கழியே தோது.

அனுமதி விஷயத்தில் நம் பக்கத்துக்கென்றே சில கண்ணிகள் உண்டு. வேலூர்க் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. செல்போனில் எடுப்பதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். முக்காலியை விரித்தால் உடனே ஆள் வருவார். கட்டணம் கட்டி முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கதைக்குக் கோட்டை கட்டாயம் இல்லை என்றால் தூக்கிவிடுங்கள், எல்லாப் படத்திலும் வருகிற அகழி ஷாட் உங்கள் படத்திலும் எதற்கு? ஜவ்வாது மலையில் காப்புக் காடு என்றால் வனத்துறை அனுமதி. டிரோன் பறக்கவிடுவதற்கு முன், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். அரக்கோணத்தில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, வேலூரை ஒட்டி அப்துல்லாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. 250 கிராமுக்கு உட்பட்ட டிரோன்தானே என்கிற சமாதானம், அந்த வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் தடை மண்டலத்தில் செல்லாது.

கிராமப் படங்களை அதிகம் மாட்டிவிடுவது ஆடும் மாடும்தான். படத்தில் விலங்கை நடிக்க வைத்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்திடம் படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி வாங்கி, எடுத்த பிறகு தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டும். வாரியத்தின் தலைமையகம் இப்போது சென்னையில் இல்லை, ஹரியானாவில் பல்லப்கரில் இருக்கிறது. இந்தச் சான்று இல்லாமல் சென்சாருக்குப் போனால் அந்தக் காட்சியை வெட்டச் சொல்வார்கள், அல்லது படம் நிற்கும். தேவையில்லாத ஆட்டைச் சட்டகத்தை விட்டு ஓட்டிவிடுவது மலிவு. குடியாத்தம், பேரணாம்பட்டுக் கதையில் பீடியும் வராமல் இருக்காது. புகையிலை வந்தாலே படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் 30 விநாடி விழிப்புணர்வுப் படம், 20 விநாடி எச்சரிக்கை, அந்தக் காட்சிகளின் கீழே எழுத்து என எல்லாம் சேர்க்க வேண்டும்.

டீக்கடைக் காட்சியில் ரேடியோவில் இளையராஜா பாட்டு ஓடினால் அழகாகத்தான் இருக்கும். அந்தப் பாட்டின் உரிமத்துக்கு உங்கள் மொத்தப் பட்ஜெட் போதாமல் போகலாம். நேரடி ஒலியில் வசனத்தோடு பாட்டும் பதிந்துவிட்டால் பிரிக்கவும் முடியாது. படம்பிடிக்கும் முன் கடைக்காரரிடம் அணைக்கச் சொல்லுங்கள்.

உரிமைப் பேச்சு இங்கே வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடுகிறேன். உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கப் போகிற விஷயம் இது. பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, படத்தின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர். இயக்குநர் இல்லை. மாமா 3 லட்சம் கொடுத்தார் என்பதற்காக டைட்டிலில் ‘தயாரிப்பு’ என்று அவர் பேரைப் போட்டுவிட்டால், நாளை ஓடிடி காசு கொடுக்க வரும்போது கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அவரைக் கடன் கொடுத்தவராகவோ பங்குதாரராகவோ ஒப்பந்தத்தில் எழுதுங்கள், தயாரிப்பு உங்கள் பேரில் இருக்கட்டும். இசையமைப்பாளர், எடிட்டர், கதை கொடுத்தவர் எல்லோரிடமும் எழுத்தில் உரிமை மாற்றம் வாங்குங்கள். அதில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 வருஷம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வெளிநாட்டில் விற்கப் போகும்போது இந்த ஒரு வரி இல்லாமல் பேரம் முறிந்துபோகும்.

ஊராரிடம் காசு திரட்டுவதில் கவனம். 1986இல் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவரது ஒடேசா குழுவினரும் மக்களிடம் வசூலித்து ‘அம்ம அறியான்’ எடுத்தார்கள், அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் திரையிட்டார்கள். அது நன்கொடை. நீங்கள் ‘ரெட்டிப்பாத் திருப்பித் தருகிறேன்’ என்று பொதுமக்களிடம் வாங்கினால் அது வேறு. 2019ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டம் குறுக்கே நிற்கும். வேலூர், காட்பாடி பக்கம் அதிக வட்டி ஆசையில் பணத்தை இழந்த குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

படம் முடிந்தபின் எந்த வரிசையில் போவது? மார்கழியில் எடுத்தால் ஆனிக்குள் எடிட் முடியும். கோவாவில் நவம்பரில் நடக்கும் வேவ்ஸ் பிலிம் பஜார் என்ற படச் சந்தையில், முடியாத படங்களுக்கென்றே ஒரு பயிலரங்கம் உண்டு. முதல் கட்ட எடிட்டான ரஃப் கட்டை அதற்கு அனுப்பலாம். ரோட்டர்டாம் திரைப்பட விழா ஜனவரிக் கடைசியில், பெர்லின் விழா பிப்ரவரியில். பெரிய விழாக்கள் உலக அளவில் முதல் திரையிடலைத் தங்களிடமே கேட்கும். அதற்குள் ஊர் மண்டபத்தில் போட்டுக் காட்டினாலோ யூடியூபில் ஏற்றினாலோ அந்தக் கதவு மூடிக்கொள்ளும். ஆசை புரிகிறது, பொறுங்கள். பணம் கட்டினால் மாதாமாதம் ‘சிறந்த இயக்குநர்’ விருது அனுப்பும் இணைய விழாக்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். போஸ்டரில் அவை தரும் இலைச் சின்னங்களைப் பார்த்தாலே பெரிய விழாக்களின் தேர்வாளர்கள் சிரிப்பார்கள்.

திரையரங்குக்கான டிசிபியில் அகலத்திரை 2048க்கு 858, சாதாரணம் 1998க்கு 1080, விநாடிக்கு அதிகபட்சம் 250 மெகாபிட். இலவச மென்பொருளான டிசிபி-ஓ-மேட்டிக்கிலேயே செய்யலாம். ஆனால் விழாவுக்கு அனுப்பும் முன் ஒரு உண்மையான திரையரங்கில் அரை மணியாவது ஓட்டிப் பாருங்கள். 5.1 ஒலியில் வசனம் நடு ஸ்பீக்கரில் வராமல் இடதில் வருவது போன்ற கூத்தெல்லாம் அங்கேதான் தெரியும். வசனம் இல்லாத, இசையும் பின்னணி ஒலியும் மட்டும் உள்ள தனி ஒலித்தடத்தையும் மிக்ஸிங் அன்றே வாங்கிவிடுங்கள். டப்பிங் உரிமை விற்க அது வேண்டும், பிறகு கேட்டால் மறுபடி காசு.

கோடம்பாக்கம் போக வேண்டுமா என்றால், ஒரே ஒரு படத்துக்குப் போங்கள். கால்ஷீட் போடுவது, தொடர்ச்சி பார்ப்பது, 60 பேரைக் காலை 6 மணிக்கு நிற்க வைப்பது எல்லாம் வேறெங்கும் கற்க முடியாது. காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்னை. ஊரைக் காலி செய்ய அவசியமில்லை. ஐந்தாறு வருஷம் பேட்டாவை நம்பி அங்கே கிடப்பது வேறு தொழிலுக்கான தயாரிப்பு, சுயாதீனப் படத்துக்கு அல்ல.

பிழைப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் படம் உங்களுக்குச் சோறு போடாது. பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021 பிப்ரவரியில் ரோட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது, ஆஸ்கருக்கு இந்தியாவின் அதிகாரப்பூர்வப் பரிந்துரையாகவும் போனது. அவ்வளவு பேர் வாங்கிய படமே பொதுமக்கள் பார்க்க ஓடிடிக்கு வந்தது 2023 அக்டோபரில். செழியனின் ‘டு லெட்’ 2017க்கான சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது பெற்று, திரையரங்குக்கு வந்தது 2019 பிப்ரவரியில். அவர் கையில் ஒளிப்பதிவு என்ற தொழில் இருந்தது. உங்கள் கையில் கல்யாண வீடியோ இருக்கிறது. அதை விடாதீர்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளுக்கு ஏற்றுமதி வாடிக்கையாளரிடம் காட்ட வீடியோ வேண்டும், கல்லூரிகளில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறைக்கு வாரம் இரண்டு நாள் எடிட்டிங் சொல்லித்தர ஆள் வேண்டும். படம் எடுக்கும் வருஷத்தையும் சேர்த்து மூன்று வருஷம் வீட்டுச் செலவு ஓடும் என்று தெரிந்த பிறகே கேமராவை எடுங்கள். தமிழக அரசு குறைந்த செலவுத் தரமான படங்களுக்கு 7 லட்சம் மானியம் தருகிறது; ஆனால் கைக்கு வர வருஷக்கணக்காகும், பட்ஜெட்டில் அதை வரவாக எழுதாதீர்கள்.

விழாச் சுற்று ஓடும் அந்த ஒன்றரை வருஷத்தில் இரண்டாவது திரைக்கதை முடிந்திருக்க வேண்டும். ரோட்டர்டாமில் யாராவது கைகுலுக்கி ‘அடுத்து என்ன?’ என்று கேட்கும்போது, இரண்டு பக்கச் சுருக்கமும் ஒரு பட்ஜெட் தாளும் கொடுக்க முடிந்தால்தான் அந்தக் கைகுலுக்கலுக்கு மதிப்பு. ரோட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் போன்ற நிதிகள் திரைக்கதை நிலையிலேயே உதவுகின்றன.

சென்சார் மட்டும் பாக்கி. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ பிரிவை 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை 2021இல் கலைத்துவிட்டதால், சென்சார் வாரியத்தோடு தீராத தகராறு இருந்தால் உயர் நீதிமன்றம்தான். தேசிய விருதுக்கு, அந்தந்த ஆண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை சான்றிதழ் பெற்ற படங்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் உங்கள் படம் டிசம்பர் கடைசியில் தயாரானால், சான்றிதழ் தேதி இந்த ஆண்டில் விழ வேண்டுமா அடுத்த ஆண்டிலா என்று முடிவு செய்துகொண்டு விண்ணப்பத்தை ஏற்றுங்கள். ஒலிக்கலவை முழுதாக முடியாத பிரதியை அவசரத்துக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கிவிட்டால், பிறகு செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வாரியத்திடமே திரும்பப் போய் ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும்.